பெரியவரின் விலைக்குறிப்புகள்

கம்பம்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பு நண்பா,

தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. ஆறு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். இன்று எழுத வைத்திருப்பது, 2008இல் உங்கள் வீட்டு மாடி அறையில் நாம் இருவரும் சேர்ந்து உருவாக்கிய குமுளிப் பெரியவரின் ஏலக்காய் விலை இணையதளம்.

தளத்தைத் தன் கணினியில் வைத்திருக்கும் பழைய ஹோஸ்டிங் நிறுவனம் விண்டோஸ் சேவையை இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறது. புதிய இடம் லினக்ஸ் சர்வர். அங்கே விண்டோஸுக்காக நாம் எழுதிய ஏஎஸ்பி பக்கங்கள் ஓடா என்பதால், மூன்று மாதமாக இரவுகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிஎச்பி மொழியில் திரும்ப எழுதினேன். படங்கள் பாதிக்குமேல் முதல் நாளே காணாமல் போயின. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு கோப்பாகவே எண்ணும். நீ அந்தக் காலத்தில் மனம்போல் பெயர் வைத்திருந்தாய் அல்லவா, அதற்கு எனக்கு இரண்டு இரவு போயிற்று. அதை விடு, அது சரியாகிவிட்டது.

என்னை உலுக்கியது தரவுத்தளம். ஏலக்காய் ஏலம் புத்தடியில் நடந்தாலும் போடியில் நடந்தாலும், வந்த மூட்டை எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்று எழுதிவிட்டு, அதன் கீழே மழையைப் பற்றியும் காய் பறிப்பைப் பற்றியும் பெரியவர் நாலு வரி எழுதுவார் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்த வரிகளுக்காகவே வண்டன்மேட்டிலிருந்தும் நம் கம்பத்திலிருந்தும் தளத்தைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகளைத் திறந்த வாரத்தில் அவர் எழுதியதும், அடுத்த ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட நாளில் எழுதியதும் அதில்தான் இருக்கின்றன. பழைய தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து, புதியதான மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி.

எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் பயமில்லை; பைட்டுகள் உள்ளே அப்படியே இருக்கும், வேறு குறியாக்கத்தில் படித்தால் மீண்டுவிடும். கேள்விக்குறி அப்படிப்பட்டதல்ல. தமிழே இல்லாத 1252 என்ற எழுத்துப் பட்டியலில் எழுதும்படி, தரவை வெளியே எடுக்கும் கருவி இருந்ததை நான் கவனிக்கவில்லை. இடமில்லாத ஒவ்வொரு எழுத்தையும் அது கேள்விக்குறியாக்கித் தள்ளிவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. பழைய சர்வர் மட்டும் இன்னும் உயிரோடு இல்லாதிருந்தால் பெரியவரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது. தமிழுக்கும் இடமுள்ள யூனிகோடு குறியாக்கத்தில் மறுபடி எடுத்தேன்; அத்தனையும் வந்துவிட்டன. நீயும் வாடிக்கையாளர் யாருக்காவது தளம் மாற்றினால், புதியதில் ஒவ்வொரு பத்தியையும் கண்ணால் படித்துப் பார்க்கும்வரை பழையதை மூட விடாதே.

ஆனால் அதைச் சரிபார்க்கும்போதுதான் மற்றொன்றைக் கண்டேன். 2008 முதல் 2013 வரையிலான குறிப்புகள் முதல் முறையே சேதமில்லாமல் வந்திருந்தன. ஏனென்று பார்த்தால், அவை தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கப்படவில்லை. நம் படிவப் பக்கம் அப்போது ஆங்கிலக் குறியாக்கத்தில் இருந்ததால், பிரவுசர் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எண்ணாக மாற்றி அனுப்பியிருக்கிறது. ‘க’ என்றால் முன்னே இரண்டு குறிகள், 2965 என்ற எண், முடிவில் ஓர் அரைப்புள்ளி. ஆக ஏழு இடம். கால் போட்டால் இன்னும் ஏழு. பக்கத்தில் பார்க்கும்போது தமிழாகவே தெரிந்ததால் நமக்குச் சந்தேகமே வரவில்லை.

நாம் நீளம் மிஞ்சினால் பிழை வருகிறதென்று நிரலிலேயே 255ஆவது இடத்தில் வெட்டினோமே, நினைவிருக்கிறதா? 255ஐ ஏழால் வகுத்துப் பார். காலும் கொம்பும் புள்ளியும் சேர்த்து 36 எழுத்துதான். அந்த ஐந்து ஆண்டுகளிலும் பெரியவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் முதல் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டிருக்கிறது. “நான் எழுதுவதில் பாதியை உங்கள் பெட்டி விழுங்குகிறது, தம்பி” என்று அவர் சொன்னபோது, சுருக்கமாக எழுதுங்கள் ஐயா என்று நாம் இருவரும்தான் பதில் சொன்னோம். அவரும் மறுபேச்சில்லாமல் சுருக்கிக்கொண்டார். 2013இல் தரவுத்தளத்தில் குறிப்புக்கான இடத்தை யூனிகோடாக மாற்றி அகலப்படுத்தியபோதுகூட, முந்தையவற்றை நான் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றம் நம்முடையது, நண்பா. அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அந்த வருடங்களில் தன் மனைவி உயிரோடு இருந்ததாகவும், சில வரிகள் அந்த அம்மா சொல்ல, தான் எழுதியவை என்றும் மட்டும் சொன்னார்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். குறிப்பு பதிவாகும் ஒவ்வொரு முறையும் நகல் ஒன்று மின்னஞ்சலாக உனக்கு வரும்படி நீ வைத்திருந்தாய். நிரலை எடுத்துப் பார்த்தேன். அஞ்சல் அனுப்பும் வரி வெட்டும் வரிக்கு முன்னால் இருக்கிறது. எனவே முழு வாசகமும் உன் பழைய அஞ்சல் பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் திறக்கிறதா என்று இன்றைக்கே பார். உள்ளே எண்களாகத்தான் தெரியும், பயப்படாதே, எதையும் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு. தமிழாக்குவது எனக்குப் பத்து நிமிட வேலை. கடவுச்சொல் மறந்திருந்தால், உன் வழக்கப்படி எழுதி வைத்த அந்த நீல டைரியைத் தங்கச்சியிடம் கேள்.

தளத்தின் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் பெயர்ச் சேவையகத்தில், பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை 86,400 நொடியிலிருந்து 300ஆக ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு தளத்தை மாற்றுகிறேன். உன் பதில் அதற்கு முன் வந்தால், திங்கள் காலை முதல் பேருந்தில் குமுளிக்குப் போய்ப் பெரியவருக்குப் படித்துக் காட்டுவேன்.

என்றும் உன்,
கம்பத்து நண்பன்.