விரல் ரேகையும் பிள்ளைகளின் குணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் பள்ளிகள் சிலவற்றின் பெற்றோர் கூட்டங்களில் 'டிஎம்ஐடி' என்ற பெயரில் ஒரு சோதனை விற்கப்படுகிறது. குழந்தையின் பத்து விரல் ரேகைகளையும் ஸ்கேனரில் பதிந்துகொண்டு, பிள்ளை கூச்ச சுபாவம் உடையதா, தலைமை தாங்கக்கூடியதா, கணக்கு வருமா, பாட்டு வருமா என்பதில் தொடங்கி, எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்பது வரை வண்ண அறிக்கையாக அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். உறவினர் வீட்டு யு.கே.ஜி. பிள்ளைக்கு வந்த அத்தகைய அறிக்கை ஒன்றைப் படித்ததால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

அன்பாகச் சொன்னால் கேட்கும், அதட்டினால் பிடிவாதம் பிடிக்கும், புதியவர்களிடம் முதலில் ஒதுங்கினாலும் பழகியபின் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த அறிக்கை கூறியது. எந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் இது பொருந்தாது? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, அவரவருக்கு உரிய முடிவு என்று சொல்லி ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். உண்மையில் எல்லாத் தாளிலும் இருந்தவை ஒரே வாசகங்கள். பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் அளித்த மதிப்பெண்ணின் சராசரி 5-க்கு 4.26. இந்த ஆய்வு 1949-இல் வெளியானது.

கருவில் ஏறத்தாழ பத்தாவது வாரத்திலிருந்து பதினேழாவது வாரத்துக்குள் விரல் ரேகைகள் உருவாகிவிடுகின்றன. அவற்றில் மரபணுக்களுக்குப் பங்குண்டு. விரல் நுனித் திசுவின் வடிவம், அது வளரும் வேகம், கருப்பையின் உள்ளே அதன்மேல் படும் அழுத்தம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்குக்கூட ரேகைகள் முற்றிலும் ஒன்றாக அமையாததற்குக் காரணம் இதுவே. டவுன் சிண்ட்ரோம் போன்ற சில பிறவி நிலைகளில் உள்ளங்கை ரேகைகள் மாறுபட்டிருப்பதை மருத்துவர்கள் கவனிப்பது உண்மைதான். இந்தச் சிறிய உண்மையையும், அறிவுத்திறன் ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை எனப் பல வகை என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதுதான் இந்த வணிகம். அந்தக் கோட்பாட்டில் விரல் ரேகைக்கு இடமே கிடையாது. விரல் ரேகை பற்றி 1892-இல் நூல் எழுதிய ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், குணத்தையும் திறமையையும் ரேகையில் காண முடியும் என்ற ஆசையோடுதான் தேடினார். தேடிப் பார்த்துவிட்டு, அப்படி எந்த அடையாளமும் தமக்குத் தென்படவில்லை என்று அந்நூலிலேயே ஒப்புக்கொண்டார். நூறாண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன இந்த வழக்கைத்தான் நம் பள்ளிகளில் மறுபடியும் திறந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மனிதருக்கு மனிதர் குணம் வேறுபடுவது எதனால்? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஏன் வடக்கும் தெற்குமாக நிற்கிறார்கள்? குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு குடும்பங்களில் வளர்ந்த இரட்டையர்களை, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் பூஷார்ட் 1979 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த ஆய்வையும் அதன்பின் வந்த பல இரட்டையர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆளுமையில் ஆட்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை மரபணு வேறுபாடுகளோடு தொடர்புடையது என்று தெரிகிறது. (ஒருவருடைய குணத்தில் பாதி அப்பா, அம்மாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; இது மக்கள் கூட்டத்தில் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு.) இதைவிட வியப்பானது மீதிப் பங்கைப் பற்றிய முடிவு. ஒரே வீட்டில் ஒன்றாக வளர்வதால் மட்டும் உடன்பிறந்தோரின் குணம் ஒன்றுபோல ஆகிவிடுவதில்லை. உளவியலாளர்கள் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக எடுத்துக் காட்டியது. மூத்தவளுக்குக் கிடைத்த ஆசிரியர் இளையவனுக்குக் கிடைப்பதில்லை. ஒருவர் கண்ட நோயும் நட்பும் அவமானமும் மற்றவருக்கு வாய்ப்பதில்லை. அப்பாவுக்கு வேலை போன ஆண்டில் ஒரு பிள்ளைக்கு வயது மூன்று, இன்னொரு பிள்ளைக்கு வயது பதின்மூன்று. தற்செயலுக்கும் இதில் கணிசமான பங்குண்டு என்பதால், மீதிப் பங்கை இன்னின்ன காரணம் என்று பிரித்துச் சொல்வது இன்றுவரை ஆய்வாளர்களுக்கே எளிதாக இல்லை.

பெரியவர்களான பிறகும் குணம் நிலையாக நின்றுவிடுவதில்லை. இருபதுகளிலிருந்து நடுவயதுக்குள் பொறுப்புணர்வும் மனநிதானமும் சராசரியாகக் கூடுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. நிலைமை இவ்வாறிருக்க, யு.கே.ஜி. படிக்கும் பிள்ளையின் முன்னாலேயே 'இவனுக்குக் கணக்கு வராதாம்' என்று தாள் பார்த்துப் படிப்பது எத்தனை பெரிய அநீதி! அப்படிப் படித்த பிறகு அந்த வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க யார் உட்காரப் போகிறார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆதாருக்குக்கூட ஐந்து வயது நிரம்பாத குழந்தையின் விரல் ரேகையை எடுப்பதில்லை. இவர்களோ நர்சரிப் பிள்ளைகளின் ரேகைகளையும் பதிந்துகொள்கிறார்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியாது. பள்ளிக் கல்வித் துறை இச்சோதனைக்குப் பள்ளி வளாகத்தில் இடமளிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புவதோடு, இதுவரை எடுக்கப்பட்ட ரேகைப் பதிவுகள் யாரிடம், எத்தனை காலத்துக்கு வைக்கப்படும் என்பதை இதை அனுமதித்த பள்ளிகளிடம் எழுத்து மூலம் கேட்டு, அந்த விடையைப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்