லாவா சுட்டதால மட்டும் மண்ணு செவக்கலைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, மகாராஷ்டிரா பக்கம் ஒரு காலத்துல அடுக்கடுக்கா லாவா கொட்டின தக்காண எரிமலை பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஒரு எடத்துல எனக்கு இடிச்சது. மும்பை-புனே வழில கண்டாலா மலைப்பாதைல ரோட்டுக்காக மலைய வெட்டின எடத்துல கருப்புப் பாறைக்கு நடுவுல செவப்பா ஒரு பட்டை ஓடுமே, அது லாவா மேல வந்து விழுந்து மண்ணு செங்கல் மாதிரி வெந்துபோனதால வந்த நெறம்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. நான் புனே பக்கம் இருபது வருஷமா போர்வெல் வேலைல இருக்கேன், ஊர்ல புதுக்கோட்டைப் பக்கம் எங்க தாத்தா சூளை போட்டவரு, அதனால வெந்த மண்ணும் தெரியும் வேகாத மண்ணும் தெரியும்.

வெந்த செங்கல்ல தண்ணில போட்டா சும்மா குடிச்சிக்கும், கரையாது, அரைவேக்காடுதான் கொழகொழன்னு ஆயிடும். இங்க போர் போடும்போது கருங்கல் மாவு சாம்பக்கலர்ல வந்துட்டே இருக்கும், திடீர்னு காவி கரைச்ச மாதிரி செவப்பா வரும், உடனே பசங்க கேசிங் பைப்ப எடுக்க ஓடுவாங்க, ஏன்னா அந்த எடம் தண்ணி பட்டா சரிஞ்சு துளையவே மூடிடும். ஒருநாள் அந்தக் கட்டில ஒண்ண டம்ளர் தண்ணில போட்டு வச்சேன், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அடில சேறா உக்காந்திருச்சு. சுட்ட மண்ணா இருந்தா இப்படி ஆகுமா சொல்லுங்க.

சுடவே இல்லன்னு நான் சொல்லல. பட்டையோட மேல் ஓரம், லாவா வந்து உக்காந்த எடம், கெட்டியா ஓடு மாதிரி இருக்கும், அது வெந்ததுதான். ஆனா லாவா 1,100 டிகிரிக்கு மேல கொதிச்சாலும் மண்ணு சூட்ட லேசுல கீழ விடாது. அப்புறம் சூடுதான் காரணம்னா ஒவ்வொரு லாவா அடுக்குக்கு அடிலயும் செவப்பு இருக்கணும்ல, பல எடத்துல பாறை மேல பாறை நேரா உக்காந்திருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல.

பட்டைக்குக் கீழ பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. பாறை சட்டுனு முடியாது, உருண்டை உருண்டையா வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு, மேல போகப் போக களிமண்ணா மாறிட்டே வரும். அதாவது ஒரு லாவா ஆறி, மழைல வெயில்ல கெடந்து, பாறைல இருக்க இரும்பு துருப்பிடிச்சு மண்ணாகி, அதுக்கப்புறம்தான் அடுத்த லாவா வந்து மூடிருக்கு. இங்க மகாபலேஷ்வர் மலை உச்சில இன்னிக்கும் அதே பாறை செவந்து கெடக்கு, நம்ம ஊர் செம்புராங்கல் மாதிரியே, அத எந்த லாவா வந்து சுட்டுச்சு?

இதுல இன்னொரு கூத்து, இந்தச் செவப்பு மண்ணுல சிர்கான்னு குட்டி குட்டி படிகம் கெடைக்குது. தக்காண லாவால அது கெடைக்கிறதே அபூர்வம், அதனால எரிமலைச் சாம்பல் காத்துல வந்து அந்த மண்ணுல விழுந்திருக்கணும்னு சொல்றாங்க. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆளுங்க அந்தப் படிகத்தோட வயச அளந்துதான் 2015ல, பெரும்பாலான லாவா சுமார் 7.5 லட்சம் வருஷத்துக்குள்ள கொட்டிருச்சுன்னு கணக்கு போட்டாங்க, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால டைனோசர் அழிஞ்ச காலத்தோட இது சேர்ந்து வருது. பட்டைக்குப் பட்டை கதை வேற, சிலதுல சாம்பல் ஜாஸ்தி, சிலதுல மண்ணு ஜாஸ்தி, அதுல ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் அடிச்சிட்டுதான் இருக்காங்க.

அதனாலதான் செங்கல்னு ஒரே வார்த்தைல முடிச்சது மனசுக்கு ஒப்பல. சுட்டதுன்னா லாவா வந்த அன்னிக்கே கதை முடிஞ்சுபோச்சு, மண்ணுன்னா ரெண்டு லாவாவுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வருஷம் எரிமலை அந்த எடத்துல சும்மா இருந்துச்சுன்னு அர்த்தம். அடுத்த வாரம் ஒரு சின்ன திருத்தம் போட்டா போதும். கட்டுரை எழுதினவரு புனே பக்கம் வந்தா சொல்லுங்க, டம்ளரும் கட்டியும் நான் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
போர்வெல் வாசகன், புனே