92க்கும் 95க்கும் மாறினால் எஞ்சின் குழம்புமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் அக்வா கார் வேகம் எடுக்கும்போது விக்கி விக்கி ஓடத் தொடங்கியது. கராஜுக்குக் கொண்டுபோனால், போனட்டைத் திறக்க முதலே அங்கிருந்தவர் கேட்டது, "அண்ணை, எந்தப் பெற்றோல் அடிக்கிறனீங்கள்?" கையில் காசு இருந்தால் 95, மாதக் கடைசி என்றால் 92 என்று உள்ளதைச் சொன்னேன். "அதுதான் பிரச்சினை, மாத்தி மாத்தி அடிச்சால் எஞ்சின் குழம்பிப்போகும்" என்று சொல்லி, தாங்கியைக் கழுவி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, நல்லதொரு பில்லும் தந்தார். இரண்டாம் நாளே பழையபடி விக்கல். கடைசியில் வேறொருவர் பார்த்தபோது, பழுதாகிக் கிடந்தது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு இக்னிஷன் கொயில்.

பில்லுக்காக எழுதவில்லை, அது போனது போனதுதான். ஆனால் இந்தக் கதையைப் பெற்றோல் செட்டிலும் கேட்கிறேன், கலியாண வீட்டிலும் கேட்கிறேன்.

92, 95 என்பவை ஒக்டேன் எண்கள். ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியைச் சொல்வதல்ல. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட பெற்றோலும் காற்றும், பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அது. தாங்கியில் பாதி 92, பாதி 95 இருந்தால் கிட்டத்தட்ட 93.5, அவ்வளவுதான். இரண்டும் பெற்றோல், ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது.

சரி, எங்கள் காருக்கு எது தேவை? பெற்றோல் மூடியின் உட்புறம் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. எத்தனை வருடமாக அதைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறேன்! மகள் போனைப் பிடித்து மொழிபெயர்த்துக் காட்டினாள்: ஈயமற்ற ரெகுலர். ஜப்பானில் ரெகுலர் என்றால் குறைந்தது 89 ஒக்டேன், பிரீமியம் என்றால் குறைந்தது 96. ஆக எங்கள் 92 அதற்குத் தாராளம். 95ஐ அடித்து நான் கண்ட லாபம் ஒன்றுமில்லை. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற எண், 13.4 என்பதைக் காட்டி "இதுக்கு 95தான் வேணும்" என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால் இதில் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு பிந்தித்தான் மூடும், அதனால் உண்மையில் அமுக்கப்படும் காற்று அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு.

மூடியில் 95 என்றே போட்டிருக்கும் வாகனங்களின் கதை வேறு, ஐரோப்பியக் கார்கள் பல அப்படித்தான். அதில் 92ஐ அடித்து, ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதித்தால், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்கலாம். புதிய வாகனங்களில் சென்சர் அதை உணர்ந்து பொறியைப் பிந்தவைக்கும், இழுவை குறையும், பெற்றோலும் கூடக் குடிக்கும், அடுத்த முறை 95 அடித்தால் பழையபடி வந்துவிடும். சென்சர் இல்லாத பழைய வாகனம் அந்தச் சத்தத்தோடேயே ஓடினால் பிஸ்டனுக்குக் கேடு. 95 போட்டிருக்கும் வாகனக்காரரை 92 அடித்து மிச்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 என்ற பழைய கார்கள் ஓடிய ஊர் இது. அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் புகைத்துப் புகைத்தாவது ஓடின. 2022 ஜூன் கடைசியில் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவும் 95 பெற்றோல் ஒரு லீற்றர் 550 ரூபாவுமாக விற்றபோது, இரவிரவாக வரிசையில் கிடந்து, முறை வரும்போது எது இருந்ததோ அதைத்தான் அடித்தோம். அதனால் எஞ்சின் போனதென்று எனக்குத் தெரிந்த ஒருவரும் சொன்னதில்லை.

ஜப்பானிலிருந்து வாகனம் இறக்கி விற்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ரெகுலர் என்றிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டித் தாருங்கள். "92 போதும்" என்று.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்