மஞ்சள் மொரிஸுக்கு வெட்டிய புள்ளிகள்: பழைய கார் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தில் பழைய கார்களுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர் ஐயாமாருக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு பெயிண்ட் பாஸ், அதாவது காருக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி, எழுதுகிறேன். போட்டியில் எனக்குக் கார் கிடையாது, பரிசும் எனக்கு வேண்டியதில்லை. போன ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் இரண்டு மொரிஸ் மைனர் ஹூட் கார்களுக்கு (மடக்கும் துணிக் கூரை உள்ள கார்களுக்கு) நீங்கள் போட்ட புள்ளியைப் பற்றித்தான் பேச வந்தேன். ‘ஒரிஜினல் நிறம்’ என்ற கட்டத்தில் லைலாக் காருக்கு முழுப் புள்ளி. மங்கிப்போன மஞ்சள் காருக்குப் பாதிக்கும் கீழே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால்கூட உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருப்பீர்கள்.

லைலாக் காரை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த இளம் ஊதா, மொரிஸ் கம்பனி அடித்த நிறம்தான். அதை நான் மறுக்கவில்லை. 1948-இல் வெளிவந்த மைனர் 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது காரைத் தொட்டது. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அதைக் கொண்டாட மொத்தம் 350 கார்களை லைலாக் நிறத்தில், வெள்ளை சீட்டோடு, பொனட் பக்கவாட்டில் வழக்கமாக ‘1000’ இருக்கும் இடத்தில் ‘1000000’ என்ற எழுத்தோடு இறக்கினார்கள். அபூர்வம்தான். ஆனால் அந்த 350-உம் இரண்டு கதவு சலூன், அதாவது நிலையான இரும்புக் கூரை உள்ள கார். ஹூட் கார் அதில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆக, லைலாக் நிறத்தில் ஒரு ஹூட் கார் உங்கள் முன்னால் வந்து நின்றால் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: பின்னால் வந்தது நிறமா, ஹூட்டா? ஹூட் காருக்கு யாரோ லைலாக் அடித்திருந்தால் அது வெறும் ரீபெயிண்ட். நிஜமான லைலாக் சலூனின் கூரையை வெட்டி ஹூட் போட்டிருந்தால், 350-இல் ஒன்றைக் கொன்றதற்கு நீங்கள் கோப்பை கொடுத்திருக்கிறீர்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியாது, அந்தக் காரின் பொனட்டுக்குள் நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. பொனட்டைத் திறந்தால் பயர்வோலில், அதாவது எஞ்சினுக்கும் உள்ளே ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில், கார் நம்பர் தகடு இருக்கிறது. 1958 வாக்கிலிருந்து வந்த மைனர்களில் ‘எம்’, ‘ஏ’ என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருவது காரின் உடம்பைச் சொல்லும். ‘டூரர்’ என்பதன் முதலெழுத்து இருந்தால் பிறவி ஹூட் கார், ‘2எஸ்’ என்று இருந்தால் இரண்டு கதவு சலூன். தகட்டைக் கழற்றி இன்னொரு காரில் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பீர்கள். சரி, அப்படியானால் தரையில் படுங்கள். கூரை இல்லாத உடம்பு வளையும் என்பது கம்பனிக்குத் தெரியும். அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ஸில்லுக்கு மேலதிகத் தகடு வைத்தார்கள், டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு மூலையிலும் தாங்குத் தகடு வைத்தார்கள், கதவுக்குப் பின்னால் உள்ள தூணையும் பலப்படுத்தினார்கள். வெட்டின காரில் இவை இருக்காது, அல்லது நம்ம ஊர் வெல்டிங் தையலோடு இருக்கும். அந்தத் தையலை நான் இருட்டில் கையால் தடவியே சொல்லிவிடுவேன், ஏனென்றால் அதைப் போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

இனி மஞ்சள் கார். தலவாக்கலைப் பக்கத்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவருடையது. உங்களில் ஒருவர் மட்கார்ட்டில் விரலை வைத்து, “இது டாக்சி மஞ்சள்தானே மாஸ்டர், மொரிஸ்காரன் மஞ்சள் அடிக்கவே இல்லையே?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த காருக்குப் போனார். மாஸ்டர் சண்டை பிடிக்கிற மனிதர் இல்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுவாரம் கார் என் கராஜுக்கு வந்தது.

மொரிஸ்காரன் மஞ்சள் அடித்தான், ஐயா. 1960-களின் தொடக்கத்தில் கொஞ்சக் காலம் மட்டும் ‘ஹைவே யெல்லோ’ என்று ஒரு மஞ்சள் இருந்தது. கொஞ்சக் காலம் என்பதால்தான் பலருக்குத் தெரியவில்லை. தெரியாததெல்லாம் இல்லாதது என்று எழுதிவிட்டால் நடுவர் எதற்கு? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1952 கடைசியிலிருந்து 1958 வரை வந்த மைனர்களில் நம்பருக்கு முன்னால் ஐந்து குறிகள் இருந்தன. முதலாவது மைனர் என்று சொல்லும், இரண்டாவது உடம்பைச் சொல்லும், மூன்றாவது நிறத்தின் இனத்தையே சொல்லும், கடைசி எண் எந்த வகைப் பெயிண்ட் என்பதைச் சொல்லும். பின்னால் வந்த புதிய முறையில் நிறத்துக்கு எழுத்து இல்லை. ஆகவே மாஸ்டரின் காரில் தகடு ‘நான் ஹூட் கார்’ என்று சொல்லும், ‘நான் மஞ்சள்’ என்று சொல்லாது. அதற்கு இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் மியூசியத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பழைய தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து, கார் கட்டிய தேதி, நிறம், போன இடம் எல்லாம் சொல்லி ஒரு சான்றிதழ் தருகிறார்கள். மாஸ்டரை எழுதச் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை காரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ரீபெயிண்ட் அடிக்கிறவன் எங்கே சோம்பல்படுவான் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் நானும் அதே இடங்களில் சோம்பல்பட்டவன்தான். கதவின் உள்பலகையைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள். டேஷ்போர்டுக்குப் பின்னால், வயர் கட்டுக்கு மேலே கையை விட்டு டோர்ச் அடித்தால் அங்கேயும் மஞ்சள், அதுவும் முழுதாகப் போர்த்தாமல் மேலெழுந்தவாரியாக விசிறிய மஞ்சள். கம்பனிக்காரன் கண்ணுக்குத் தெரியாத இடத்தை அப்படித்தான் விட்டான். நாங்கள் பழைய காரைப் புதுப்பிக்கும்போது அங்கேயும் கண்ணாடி மாதிரி அடித்து வைப்போம், நீங்களும் அதைப் பார்த்துப் புள்ளி கூட்டுவீர்கள்! மைனரின் மட்கார்ட்கள் போல்ட்டில் நிற்பவை. உடம்புக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில் பைப்பிங் என்ற மெல்லிய பட்டி ஓடும். வலது பின் மட்கார்ட்டில் ஒரு போல்ட்டை மட்டும் எடுத்தேன். வாஷர் அழுத்தின வட்டத்துக்குள் பெயிண்ட் அடித்த அன்றைய நிறம் அப்படியே இருந்தது. வட்டத்துக்கு வெளியே அதே மஞ்சள், வெயிலில் வெளுத்தது. இடையில் வேறு நிறம் இல்லை, பச்சை இல்லை, கறுப்பு இல்லை.

ஹூட் காரில் இன்னொரு நல்ல இடம் உண்டு. ஹூட்டின் இரும்புச் சட்டத்தை உடம்போடு பிடிக்கும் தகட்டுக்கு அடியில் பாருங்கள். ஹூட் துணியை ஐந்தாறு தடவை மாற்றியிருப்பார்கள், இந்த மழையில் துணி பூசணம் பிடிக்காமல் எங்கே நிற்கிறது? ஆனால் சட்டத்தை யாரும் கழற்றுவதில்லை. அதன் ஓரத்தில் ஊசியால் மெல்லச் சுரண்டினால் மஞ்சள், அதற்கடியில் பிரைமர், அதற்கடியில் இரும்பு. அவ்வளவுதான்.

இந்த ஊரில் பிறகு அடித்த பெயிண்ட் என்றால் அது வேறு மாதிரியும் காட்டிக்கொடுக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். மூடுபனியில் செலுலோஸ் பெயிண்ட் அடித்தால் தின்னர் பறக்கிற வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் மேலே இறங்கி, வெள்ளை படர்ந்துவிடும். அதனால்தான் நாங்கள் பத்து, பதினொரு மணி வெயிலுக்குக் காத்திருந்து, மெதுவாகக் காயும் தின்னர் கலந்து அடிப்போம். அப்படியும் மூலை முடுக்கில் ஒரு வெள்ளை மேகம் நின்றுவிடும். பாலிஷ் போட்டுத் தேய்த்து மேலே எடுக்கலாம், கதவு இடுக்கில் எடுக்க முடியாது. மாஸ்டரின் காரில் கதவு இடுக்குகள் எல்லாம் சுத்தம்.

உங்களில் சிலர் பெயிண்ட் தடிப்பு பார்க்கும் மீட்டர் வைத்திருக்கிறீர்கள். நல்ல சாமான்தான். ஆனால் அதை ஓரிடத்தில் வைத்து ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போவதில் பயனில்லை. கம்பனிப் பெயிண்ட் பெரும்பாலும் 100 மைக்ரானைச் சுற்றி நிற்கும். மேலே மறுபடி அடித்தால் 200-ஐத் தாண்டும். புட்டி இருந்தால் ஆயிரக்கணக்கில் ஓடும். ஆனால் இரும்பு தெரியும்வரை உரித்துவிட்டு அடித்த காரும் கம்பனி எண்ணையே காட்டும். பழைய பெயிண்ட் சீராக இருக்காது என்பதுதான் சூட்சுமம். துடைத்துத் துடைத்து விளிம்புகளில் தேய்ந்திருக்கும், பொனட் நடுவில் ஒரு எண், ஓரத்தில் அதைவிடக் குறைந்த எண். கார் முழுக்க ஒரே எண் வந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. தகடுகள் சேரும் இடத்தில் கம்பனியே ஈயம் ஊற்றி மட்டம் செய்திருந்தால் எண் கூடும், அதைப் புட்டி என்று எழுதிவிடாதீர்கள். தின்னர் துணியால் துடைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். செலுலோஸ் கரைந்து துணியில் ஒட்டும், இன்றைய டூகே பெயிண்ட் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அசையாது. உண்மைதான். ஆனால் அதைச் சொந்தக்காரரிடம் கேட்காமல், பரிசு மைதானத்தில், கண்ணில் படுகிற பகுதியில் செய்யாதீர்கள். போன வருஷம் ஒரு ஒஸ்டினின் டிக்கியில் அப்படி விழுந்த தழும்பை நான்தான் சரிக்கட்டினேன்.

மாஸ்டரின் கார் தொட்டுப் பார்க்காத கன்னிக் கார் என்று நான் சொல்லவில்லை. முன் இடது மட்கார்ட் மாற்றியது, அதில் அடித்த மஞ்சள் ஒரு பிடி தப்பு. அதற்குப் புள்ளி வெட்டுங்கள், நியாயம். மற்ற இடங்களுக்கு ஏன் வெட்டினீர்கள்?

மலையகத்துக் கார்களுக்கென்று ஒரு கதையும் உண்டு. இவற்றில் பல தோட்டத்துத் துரைமார் வாங்கியவை. 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் கைமாறியபோது கார்களும் கைமாறின, டீ மேக்கருக்கு, பெரிய கிளாக்கருக்கு, டிஸ்பென்சருக்கு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடித்த காலம். பெயிண்ட் கிடைக்காதவர்கள் ஜன்னலுக்கு அடிக்கும் பெயிண்டைப் பிரஷ்ஷால் பூசித் துருவை நிறுத்தினார்கள். அந்தப் பிரஷ் கோடுகளோடு ஒரு கார் இன்றும் ஓடினால் அதை நான் மதிக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு பரிசு வையுங்கள். புதுப்பித்த காருக்கு ஒன்று, அப்படியே காப்பாற்றிய காருக்கு ஒன்று. உலகப் பழைய வாகனச் சம்மேளனமான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் காப்பாற்றுவதையும் புதுப்பிப்பதையும் வெவ்வேறாகத்தான் பார்க்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால் பளபளப்புதான் ஜெயிக்கும். பளபளப்பு எங்களுக்கு வருமானம், அதனால் இதை நான் சொல்வது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற மாதிரிதான்.

இன்னொன்றையும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். உங்கள் மேசையில் கார் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கார் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரே கன்னைக் கையில் பிடித்தவர் ஒருவரும் இல்லை. நம்ம நாட்டில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே கப்பலேறிப் போயிருக்கின்றன. அந்தக் கைகளுக்கு ஒரு மைனரைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா? அடுத்த சீசனுக்கு தகடு தட்டி வெல்டிங் செய்யும் ஒரு டிங்கர் பாஸையும் ஒரு பெயிண்ட் பாஸையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். என்னைத்தான் என்றில்லை. கண்டியிலும் பதுளையிலும் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிங்களம், தமிழ் எதுவானாலும் அவர்கள் மட்கார்ட்டுக்கு அடியில் படுத்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

லைலாக் காரின் சொந்தக்காரரை மைதானத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். அவருக்கு யாரோ ஒரு கதை சொல்லி விற்றிருப்பார்கள், விலையும் கூட்டியிருப்பார்கள். தகட்டையும் ஸில்லையும் அவரோடு சேர்ந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

மாஸ்டரின் காரில் வலது கதவின் உள்பலகையை நான் இன்னும் மாட்டவில்லை, பின் மட்கார்ட் போல்ட்டும் கையால் இறுக்கின அளவில்தான் இருக்கிறது. மாதக் கடைசிவரை கார் என் கராஜில் நிற்கும், மாஸ்டரும் சம்மதித்திருக்கிறார். நீங்கள் ஒருநாள் காலை வாருங்கள், பனி விலகின பிறகு. வெளிச்சம் நன்றாக இருக்கும். வரும்போது புள்ளித் தாளையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துப் பெயிண்ட் பாஸ்