‘வாகை’ போர்க்கலத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இரண்டு ஆண்டுகள் ஏழு மாதங்களாக என் மேசையை விட்டு நகராதிருந்த ‘வாகை’ விண்வெளிப் போர்க்கலத்தின் மாதிரி சென்ற வாரம் நிறைவடைந்தது. என் கற்பனையில் 1,200 மீட்டர் நீளமுள்ள அந்தக் கலம், 1:1000 அளவில் 120 செ.மீ. நீளத்தில் இப்போது தாங்கியின் மேல் நிற்கிறது. எந்தப் பெட்டியிலும் விற்காத, என் நோட்டுப்புத்தகக் கிறுக்கலில் பிறந்த கலம் என்பதால், பார்ப்பவர்கள் “தனியாகவா செய்தீர்கள்?” என்று வியக்கிறார்கள். தனியாகச் செய்திருந்தால் அது விளக்கு எரியும் சோப்புப் பெட்டியாகத்தான் முடிந்திருக்கும் என்பதை நானறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

முதல் நன்றி, கப்பல் கட்டும் தளத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. இடப்பக்கச் சுவரை முடித்து, சாளரங்களுக்காக 1.5 மி.மீ. துளைகளை 8 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாகப் போட்டு, பெருமை பொங்க அவரிடம் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய எஃகு அளவுகோலை எடுத்து, இரண்டு வரிசைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் ஒரு தளத்தின் உயரம் 8 மீட்டர் வருகிறதே, உள்ளே இருப்பவர்கள் மனிதர்கள்தானே?” என்று கேட்டார். இரண்டு நாள் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது: 1:1000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டர், தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று வைத்தால் வரிசைகள் 3 மி.மீ. இடைவெளியில் வர வேண்டும், சாளரமும் அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தச் சுவரை முழுவதும் பெயர்த்து எறிந்துவிட்டு, புதிய ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, இரு பக்கமுமாக 1,140 துளைகளைக் கையாலேயே போட்டேன். உடைந்த துளையூசிகள் 17. கடைசி வரிசைக்கு விளக்கு ஏற்றிய இரவில், அதே 120 செ.மீ. கலம் கண்ணெதிரே பத்து மடங்கு வளர்ந்ததைப் பார்த்தேன், ஐயா. கோபித்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அடுத்தது பல் மருத்துவரான அக்காவுக்கு. 36 பீரங்கிக் கோபுரங்களையும் தனித்தனியாகச் செதுக்க முடியாது என்பதால், ஒன்றை மட்டும் செய்து, சிலிக்கோன் அச்சு எடுத்து, மற்றவற்றை ரெசின் என்னும், ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக் திரவத்தில் வார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். மூன்று முறை ஊற்றியும் அச்சின் ஒரு பக்கம் பாகு போலப் பிசுபிசுத்தபடியே இருந்தது. பொருள் பழையது, கலவை தவறு, ஈரப்பதம் என்று நான் எதை எதையோ குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, அவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “கையில் என்ன கையுறை?” லேடெக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை இறுக விடாது என்பது பற்களுக்கு அச்செடுக்கும் அவர்களுக்கு அன்றாடப் பாடமாம். நைட்ரைல் கையுறைக்கு மாறினேன். அடுத்த அச்சு கண்ணாடி போல வந்தது. காற்றுக் குமிழிகளை உறிஞ்சியெடுக்கத் தம்முடைய வெற்றிடக் கலனையும் பம்பையும் கொடுத்து உதவியவரும் அவரே.

மின்னிணைப்பில் நான் செய்த கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா எல்.இ.டி.களையும் பக்க இணைப்பில் கோத்து, அத்தனைக்கும் சேர்த்து ஒரே மின்தடையைப் போட்டிருந்தேன். ஒன்று போனதும் மீதமுள்ளவை வரிசையாக அதன் பின்னே போயின. மின்னணுவியல் படிக்கும் தம்பி வந்து, 12 வோல்ட்டுக்கு மூன்று வெள்ளை எல்.இ.டி.கள் தொடராக, ஒவ்வொரு தொடருக்கும் தனியாக 150 ஓம் மின்தடை என்று பிரித்து அமைத்துக் கொடுத்தார். ஸ்டைரீன் வழியே ஒளி கசிந்து கலம் முழுவதும் காகித விளக்குப் போல ஒளிர்ந்தபோது, உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பூசச் சொன்னவரும் அவர்தான். கறுப்பு ஒளியைத் தடுக்கிறது, வெள்ளை அதைச் சாளரத் துளைகளுக்கு ஒளி கொண்டுசெல்லும் ஒளியிழைகளின் பக்கம் திருப்புகிறது.

வேறு மாதிரிகளைச் செய்து மிஞ்சிய பாகங்களின் பெட்டிகளை மனமுவந்து திறந்துகொடுத்த நண்பர்கள் பலர். 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கலங்களின் மேற்பரப்பே கடைகளில் விற்ற டாங்கி, கப்பல் மாதிரிப் பெட்டிகளின் பாகங்களால் நிறைந்தது என்பதால், இந்த வழக்கத்துக்கு நான் வெட்கப்படவில்லை. ‘வாகை’யின் கட்டளை மாடத்துக்குப் பின்னால் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு டாங்கிச் சக்கரங்கள் எட்டும், போர்க்கப்பல் பாரந்தூக்கி ஒன்றும், யாரும் உரிமை கோராத ஒரு பேனா மூடியும் தென்படும். பேனா மூடிக்குரியவர் தெரிவித்தால் அவருக்கும் நன்றி சொல்வேன்.

வண்ணத்தில் எனக்கு வழிகாட்டிய ஓவிய ஆசிரியைக்கு நான் பட்ட கடன் பெரிது. தூய வெள்ளையும் தூய கறுப்பும் வேண்டாம், தொலைவில் நிற்கும் பெரிய பொருளின் நிறம் சற்று வெளிறித்தான் தெரியும் என்று சொல்லி, ஒரே சாம்பலை ஐந்து சாயல்களாகக் கலந்து, தகடு தகடாகப் பூச வைத்தார். பளபளப்பு வார்னிஷ் காய்வதற்குள் கோடுகளில் எண்ணெய் வண்ணம் விட அவசரப்பட்ட என் கையைப் பிடித்துத் தடுத்ததையும் மறக்கவில்லை. தடுக்காமல் விட்ட ஓரிடம் வலப்பக்க எஞ்சினருகே கறையாக இருக்கிறது; போரில் பட்ட தீக்காயம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

வீட்டில் தேய்ப்புத் தூசியையும் ரெசின் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா, உங்கள் வெற்றிடக் கலன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விளிம்பில் ஒட்டிய ரெசினைச் சுரண்டி முடித்ததும் அடுத்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். கோபுர அச்சுகள் இன்னும் பத்துப் பதினைந்து வார்ப்புகளுக்குத் தாங்கும். பாகங்கள் கொடுத்தவர்களில் எவருக்கேனும் வேண்டுமானால் சொல்லியனுப்புங்கள், வார்த்துத் தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
‘வாகை’யைச் செய்தவன்