ஆய்வகத்துக்கு வெளியே நின்ற அம்மா

அன்புள்ள மீனா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று, அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்கு இந்த வருடத்தோடு கல்லூரி வேலை முடிகிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

நீ எழுதியிருந்த அந்தத் தாயின் நினைவாகவே இருக்கிறேன். எட்டு மாதக் குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று எல்லாரும் அனுப்பிவிட்ட பிறகும், 'மூத்திரத்துல ஒரு வாடை வருது டாக்டர்' என்று உன்னிடம் வந்து நிற்கிறாளே. தயவுசெய்து அவள் சொல்வதை நம்பு மீனா. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் உடைக்க முடியாமல் மூளை கெடுகிற பிறவி நோய்தானே பி.கே.யு.; அதன் வரலாறே இப்படிப்பட்ட அம்மாக்களின் பிடிவாதத்தில் தொடங்கியதுதான்.

1934இல் ஆஸ்லோவில் ஒருத்தி, மூளை வளர்ச்சியில்லாத தன் இரண்டு பிள்ளைகளிடம் ஏதோ வாடை வருகிறது என்று டாக்டர் டாக்டராக அலைந்து, கடைசியில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங்கிடம் வந்தாள். அவர் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். திரவம் பச்சையாக மாறியது. பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அதே பச்சை. ஃபீனைல்அலனின் உடையாமல் தேங்கும்போது சிறுநீரில் வரும் ஃபீனைல்பைருவிக் அமிலம்! ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர் கையில் வைத்தியம் எதுவும் இல்லை.

அடுத்த கதை 1951இல், பர்மிங்காம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில். அங்கே ஹார்ஸ்ட் பிக்கல் ஒரு சிறுமிக்கு பி.கே.யு. என்று கண்டுபிடித்து, அதற்கு ஆதாரமாக, அமினோ அமிலங்களைப் பிரித்துக் காட்டும் வண்ணப்படிவுத் தாளை அவள் அம்மாவிடம் காட்டினார். அம்மாவுக்கு அந்தத் தாளால் என்ன பிரயோஜனம்? வைத்தியம் வேண்டும் என்று தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வெளியே வந்து நின்றாள். அவள் விடாமல் கேட்டதால்தான் பிக்கலும் ஜெரார்டும் ஹிக்மன்ஸும் குளிர் அறையில் உட்கார்ந்து, பால் புரதத்தைச் சிதைத்த கரைசலைக் கரித்தூள் வழியாக வடித்து ஃபீனைல்அலனினை நீக்கினார்கள். கரித்தூள் மற்ற சில அமினோ அமிலங்களையும் இழுத்துக்கொண்டதால் அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. நிற்கவும் பேசவும் முடியாமல் எந்நேரமும் அழுதுகொண்டு தலையை முட்டிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, அந்த உணவில் தவழத் தொடங்கினாள், எழுந்து நின்றாள், நாற்காலியில் ஏறினாள். மூளைக்கு ஏற்கெனவே நேர்ந்திருந்த சேதம் முழுதாக மாறவில்லை என்றாலும் இத்தனை நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. முன்னேற்றம் உணவால்தானா என்று உறுதி செய்ய, அம்மாவிடம் சொல்லாமலே உணவில் தினம் 5 கிராம் ஃபீனைல்அலனினைச் சேர்த்தார்கள். ஆறு மணி நேரத்தில் குழந்தை பழையபடி அழவும் முட்டிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரே நாளில் கிட்டத்தட்ட எல்லாம் போயிற்று. அம்மா என்ன பாடு பட்டிருப்பாள்! பிறகு விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். இந்த வைத்தியமே பிறந்தது அவளால். அவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அப்புறம் ராபர்ட் கத்ரி வந்தார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, பி.கே.யு. இருக்கிறதா என்று சோதிக்கலாம் என்றார். 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது. நம் ஊரில் இன்னும் எல்லாக் குழந்தைக்கும் இது நடப்பதில்லை. அதனால் அம்மாவின் மூக்கையும் கண்ணையும் நாம் கூடுதலாக மதிக்க வேண்டியிருக்கிறது.

சரி, உன்னிடம் வந்த அந்தக் குழந்தைக்கு வருகிறேன். வாடை எப்படி என்று அம்மாவையே கேள். எலி வாடை என்றால் பி.கே.யு.வாக இருக்கலாம், வியர்த்த கால் வாடை என்றால் வேறு நோய், கருகிய சர்க்கரைப் பாகு என்றால் இன்னொரு நோய். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா, முன்னால் குழந்தை ஏதும் தவறிப்போயிற்றா என்றும் கேள். வடிதாளில் ரத்தம் எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு அனுப்பு. வாந்தியோ அசதியோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதே, உடனே ரத்தத்தில் அம்மோனியா அளவு பார்த்துவிடு. மாதிரி அனுப்பிய அன்றைக்கே எனக்கு ஒரு போன் போடு, இங்கே நான் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தி