மாசி மழையில் எங்கள் குட்டிகளைக் காத்த ஊருக்கு

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் கிடைக்கு இடம் கொடுத்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டி வந்த கீதாரியின் மகன் எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுத வராது, "நீ எழுதிப் போடுடா, நாலு பேர் படிக்கட்டும்" என்றார்.

தாத்தா காலத்திலிருந்து சம்பா அறுத்த வயலில் கிடை போட, அதாவது ராத்திரி ஆடுகளை அடைத்து வயலுக்கு எரு சேர்க்க, வருகிறோம். வெட்டவெளியில் ஈனுவது எங்கள் ஆடுகளுக்குப் புதிதில்லை. ஆடு தானே ஒதுங்கிப் போய் ஈனும், நக்கிக் காயவைக்கும், குட்டி எழுந்து மடி தேடும், நாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் இந்த மாசியில் இரண்டு ராத்திரி விடாமல் மழை கொட்டியது. களிமண் தரை, கால் வைத்தால் சேறு. ஈரக் குட்டிமேல் காற்றும் அடித்தால் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. குட்டிகளை மூடி வைக்கும் பனையோலைக் கூடாப்புக்குள் எத்தனைதான் அடைப்பது? முதல் ராத்திரியே 4 குட்டிகள் விறைத்துப் போயின.

விடியும் முன்னே பழைய நெல் கொட்டகையைத் திறந்துவிட்ட அண்ணனுக்கு முதல் நன்றி. காய்ந்த தரை கிடைத்ததுதான் அன்றைக்குப் பெரிய மருந்து. தன் மாட்டுக்கென்று வைத்திருந்த போரைப் பிரித்து வைக்கோலை அள்ளிப் போட்டாரே, வைக்கோல் விற்கிற விலையில் அது சின்ன உதவி இல்லை.

கால்நடை டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முதல் தடவை ஈனும் ஒரு தலையீத்து ஆடு, குட்டியின் தலை வெளியே வந்து நாக்கு வீங்கித் தொங்குகிறது, ஒரு முன்னங்கால் உள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. நான் இழுக்கப் போனேன். "இழுக்காதே தம்பி" என்று தடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆடு முக்காத நேரம் பார்த்துத் தலையை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கின காலை விரலால் தேடி, குளம்பை உள்ளங்கையில் மூடியபடி நிமிர்த்தினார். அப்புறம் அடுத்த முக்கலிலேயே குட்டி வந்து விழுந்தது. தொப்புளுக்கு அயோடின் வைத்து, சீம்பால் குடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்தார்.

டீக்கடை அக்கா, உங்கள் அடுப்படியில் ஒரே நாளில் 7 குட்டிகள் கிடந்தன. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால் பால் புகட்ட வேண்டாம், முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்று ஒரு தடவைதான் சொன்னேன். அதன் பிறகு நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை.

எட்டாவது படிக்கும் அந்த மூன்று பையன்களும் எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று சாயம் வைத்து அடையாளம் போட்டார்கள். நெருக்கியடித்து அடைத்த இடத்தில் தாய் மாறிவிட்டால் ஆடு முட்டித் தள்ளிவிடும், அப்படி நடக்காமல் காத்தது அவர்கள்தான். தாய் செத்த குட்டி ஒன்றின் மேல், குட்டியை இழந்த ஆட்டின் நஞ்சுக்கொடி ஈரத்தைத் தடவி விட்டோம். அந்த ஆடு மோந்து மோந்து பார்த்து, கடைசியில் நக்கத் தொடங்கியபோது கொட்டகையே சத்தமில்லாமல் நின்றது. அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறந்த குட்டிகள் 43, அதில் 37 இன்று தாயோடு மேய்கின்றன.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள், உளுந்து எடுத்த உங்கள் வயலில் ஐந்து ராத்திரி கிடை போடுவோம். கூலி என்று எதையும் நீட்டிவிடாதீர்கள், அப்பா கோபித்துக்கொள்வார்.